நாவமரத்துக் காணிக்கு இரண்டு பேர்

1

போன மாதம் விசாவை நீட்டிக்க வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஜெர்மனிக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அந்தக் கட்டடத்துக்குள் நுழையும்போது எனக்கு உள்ளங்கை வியர்க்கும். பள்ளி விடுமுறை என்பதால் மகள் மித்ராவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்பது வயது. ஜெர்மன் அவளுக்குத் தண்ணீர். எனக்கு அது இன்னும் மாத்திரை. தண்ணீர் விட்டு விழுங்க வேண்டும்.

அன்றைக்கு எங்களுக்கு வாய்த்த அதிகாரி நல்ல பெண்மணி. பிரிண்டர் மெதுவாக முனகிக்கொண்டிருந்ததால், சும்மா பேச்சுக் கொடுத்தார். ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விவசாயம் செய்கிற ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடுகிறேன் என்று சொல்ல நினைத்தேன். பதற்றத்தில் விளையாட்டு, கம்ப்யூட்டர் இரண்டும் நழுவிவிட்டன. "ஞாயிற்றுக்கிழமை நான் விவசாயி" என்று சொல்லி வைத்தேன். பெண் விவசாயிக்கு ஜெர்மனில் உள்ள சொல்லைத் தமிழில் எழுதினால் 'பொய்யரின்' என்று வரும். அதற்கேற்ற மாதிரியே அவர் என்னைப் பார்த்தார்.

"எங்கே விவசாயம்?"

"தோழியோடு. பெரிய பண்ணை. கோழிகூட இருக்கிறது."

"வருமானம்?"

"பாதிப் பாதி."

அவர் கை விசைப்பலகையிலிருந்து எழுந்துவிட்டது. என் அனுமதியில் முதியோர் இல்லத்தில் செவிலியர் வேலை மட்டும்தான் குறிக்கப்பட்டிருக்கிறது, வேறு தொழில் செய்வதானால் தனி விண்ணப்பம் தரவேண்டும் என்று நிதானமாக விளக்கத் தொடங்கினார். மித்ராதான் நாற்காலியில் எழுந்து நின்று, "அது கம்ப்யூட்டர் கேம்!" என்று கத்தினாள். அதிகாரி ஒரு கணம் விழித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்குமளவுக்குச் சிரித்தார். அந்த விளையாட்டின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டும் விட்டார்.

திரும்பும் வழியில் டிராமில், "அம்மா, உன்னோடு எங்கேயும் வரமுடியாது" என்றாள் மித்ரா, ஜெர்மனில். எனக்கோ சிரிப்பு நிற்கவில்லை. அந்தப் பண்ணையைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்கு எழுதவேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

2

நான் சித்தூர் ஜில்லாக்காரி. வடமாலபேட்டையிலிருந்து உள்ளே போகிற ஒரு ஊர். வீட்டில் தமிழ், ஐந்தாவதுக்குமேல் பள்ளியில் தெலுங்கு, திருப்பதியில் நர்ஸிங் படித்தபோது இங்கிலீஷ், இப்போது இது. எங்கள் பக்கத்தில் வீடியோ கேம் என்றால் பையன்கள் போனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் சுட்டுத் தள்ளுவது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒரு குளிர்காலத்தில், வேலை முடிந்து வந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த என் கையில் மித்ராதான் கண்ட்ரோலரைக் கொடுத்தாள். ஒரு சின்னத் தீவு. ஒரு படகு. ஒருவர் துடுப்பு போடவேண்டும், மற்றவர் வரைபடம் பார்த்து வழி சொல்லவேண்டும். எதிரி கிடையாது. கடிகாரம் கிடையாது. பாறையில் மோதினால் படகு "டொம்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பின்வாங்கும், அவ்வளவுதான். மோதியபோது நான், "ஐயோ, போச்சா?" என்றேன். "ஒண்ணும் போகாதும்மா" என்றாள் அவள். ஒன்றும் போகாது என்று எனக்கு யாராவது சொல்லி எவ்வளவு நாளாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

என் வேலையில் தவறு என்றால் யாரோ ஒரு கிழவருக்கு மாத்திரை மாறிப்போவது. விசாவில் தவறு என்றால் ஊருக்கு மூட்டை கட்டுவது. தவறு செய்தாலும் பாறையிலிருந்து விலகி மறுபடி துடுப்பு போடலாம் என்று ஒரு இடம் இருப்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. பிறகு தேடித் தேடி ஆடினேன். இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து வீட்டறையில் உட்கார்ந்து செய்த விளையாட்டுகள். கடைசியில் வருகிற பெயர்ப் பட்டியலில் வளர்க்கும் நாய்க்குக்கூட நன்றி சொல்லியிருப்பார்கள். மழைச் சத்தத்தை எங்கோ தன் வீட்டுத் தகரக் கூரைக்கடியில் நின்று யாரோ பதிவு செய்திருப்பார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே, இதை எனக்காக ஒருவர் உட்கார்ந்து செய்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் புகழவில்லை. குடும்பத்தோடு சிரித்து மகிழ என்று அட்டையில் போட்டிருந்த ஒரு சமையலறை விளையாட்டை நானும் வீட்டுக்காரரும் ஆடினோம். நான் வெங்காயம் நறுக்க, அவர் தட்டு கழுவ, அடுப்பு பற்றிக்கொள்ள, "ஒனக்கு ஒரு தட்டு கழுவத் தெரியாதா?" என்று நான் கேட்டுவிட்டேன். அன்று நிஜத் தட்டையும் அவர் கழுவவில்லை. இன்னும் சில விளையாட்டுகள் இளைப்பாறல் என்று சொல்லிக்கொண்டு தினமும் வந்து பூவுக்குத் தண்ணீர் ஊற்று என்று நச்சரிக்கும். அது இன்னொரு ஷிப்ட். எனக்கு வேண்டாம்.

எனக்குப் பிடித்தவை இரண்டு பேர் இல்லாமல் நகராத விளையாட்டுகள். ஒரு சோபாவை வாசலுக்கு வெளியே கொண்டுபோக ஒரு பக்கம் நீ, மறுபக்கம் நான். உன் பக்கத்தை எப்போது சாய்க்கிறாய் என்று தெரியாமல் என் பக்கத்தை நான் சாய்க்கமுடியாது. எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் பயனில்லை. அடுத்தவர் மூச்சைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

3

ஹேமா வந்தது கயிற்று விளையாட்டில்.

முகம் தெரியாத இரண்டு பேரை ஒரே கயிற்றில் கட்டி மலையேற விடும் விளையாட்டு அது. ஒருவர் வழுக்கினால் மற்றவர் பாறையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வழக்கமாக மைக்கில் யாரும் பேசமாட்டார்கள். அன்று என் கால் தவறி, பக்கத்தில் இருந்த மித்ராவிடம் கத்தினேன்: "ஏ, வுழுந்துக்கினே கீறேன்டீ!"

காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் ஒரு பெண் குரல் கேட்டது. "இன்னாது? வுழுந்துக்கினா? எந்த ஊருங்க நீங்க?"

மஞ்சள் தொப்பி போட்ட அவள் பொம்மை பாறையைப் பிடித்தபடி மேலே நின்றது. நான் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

"சித்தூர் ஜில்லா" என்றேன்.

"அய்ய, நானும்! திருப்பதிலருந்து பேசறேன். மொதல்ல மேல வாங்க, கை வலிக்குது."

பொம்மைக்குத்தான் கை வலிக்கவேண்டும். ஆனால் அவள் நிஜமாகவே பல்லைக் கடித்துப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள் என்று பிறகு சொன்னாள்.

ஹேமா திருப்பதியில் ஒரு ஜூனியர் காலேஜில் கணக்கு வாத்தியார். என் வயதுதான். அவளுக்கு ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்து வீடே தூங்கும் நேரம்; எனக்குக் காலை காப்பி நேரம். அந்த ஒன்றரை, இரண்டு மணி நேரம் எங்களுடையதாயிற்று. மலை முடிந்தது, சோபா முடிந்தது, தீவு முடிந்தது. வாங்க போங்க என்பது நீ வா போ ஆயிற்று, பிறகு டீ ஆயிற்று. அவள் மாமியாரின் குறட்டையை வைத்தே இன்னும் எவ்வளவு நேரம் ஆடலாம் என்று கணக்குப் போடுவோம்.

மித்ராவும் இடையில் புகுந்துகொள்வாள். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிற பெண், ஹேமாவோடு மட்டும் தமிழில்தான் பேசியாக வேண்டும். ஹேமாவுக்கு வேறு வழி கிடையாது, அவளுக்கும் வேறு வழி கிடையாது. சொல்லத் தாமதித்தால் விளையாட்டில் ஆடு வேலியைத் தாண்டிவிடும். ஒருநாள் டிராமில் அத்தனை பேருக்கும் நடுவே, "அம்மா, இன்னா துன்னுக்கினு கீற?" என்று கேட்டாளே பார்க்கவேண்டும். வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பியும் வராத ஒன்று, ஆடு மேய்த்ததில் வந்துவிட்டது. தமிழ்ப் பள்ளி ஆசிரியை அதைத் திருத்தப் பார்த்தார். நான்தான் விட்டுவிடச் சொன்னேன்.

எந்த ஊர் என்று ஹேமா பிறகும் ஒரு முறை கேட்டாள். "புத்தூர் பக்கம்" என்றேன். எங்கள் பக்கத்தில் ஊர்ப் பெயருக்கு அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: ஊரா, காலனியா? அந்தக் கேள்வி வருவதற்கு ஒரு கேள்வி முன்பாகவே நின்றுகொள்ளப் பழகியிருந்தேன். ஜெர்மனி வரைக்கும் வந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை.

4

விவசாய விளையாட்டு ஹேமாவின் யோசனை. பாழடைந்த நிலம் ஒன்றைத் தருவார்கள். இரண்டு பேர் கல் பொறுக்கி, உழுது, விதைத்து, மழை வந்தால் கூரைக்கடியில் உட்கார்ந்து மழையைப் பார்க்கவேண்டும். மழையைப் பார்ப்பதற்கென்று ஒரு பொத்தானே வைத்திருக்கிறான், புண்ணியவான். அதை அழுத்தினால் இரண்டு பொம்மைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும், வேறொன்றும் நடக்காது. விளையாட்டு செய்கிற யாருக்காவது நான் மாலை போடுவதானால் அந்தப் பொத்தானை யோசித்தவருக்குத்தான் போடுவேன்.

பண்ணை அவள் கம்ப்யூட்டரில் இருந்தது. திருப்பதியில் அவள் வீட்டு நெட் இங்கே எங்கள் வீட்டு நெட்டைவிட வேகம். ஜெர்மனியைப் பற்றி ஊரில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டதும், "எங்க நைனா நெலத்துப் பேரு வெக்கலாமா?" என்று தன் அப்பா நிலத்தின் பெயரை அவளே தட்டிவிட்டாள்.

நாவமரத்துக் காணி.

பம்ப்செட்டுக்குப் பக்கத்தில் ஒற்றை நாவல் மரம். அதன் கீழே சோற்றுத் தூக்கை வைத்துவிட்டு இறங்குவார்கள். எனக்கு அந்த மரம் தெரியும். என் அம்மா குப்பம்மா அந்தக் காணியில் நாற்று நட்டுத்தான் என்னைப் படிக்க வைத்தாள். ஹேமா எங்கள் ஊர். சாலைக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. நான் ஊர்ப் பள்ளிக்கூடம், அவள் வேனில் ஏறிப் புத்தூர் கான்வென்ட். அதனால்தான் ஒருவரையொருவர் தெரியாமல் போயிருக்கிறது.

சொல்லவில்லை. நாலைந்து ஞாயிறுகள் சொல்லாமலே கல் பொறுக்கினேன்.

அந்த நாட்களில் ஒருமுறை அம்மாவிடம் போனில் இந்த விளையாட்டைப் பற்றிச் சொன்னேன். யாரோடு என்று சொல்லவில்லை. அம்மா முழுசாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "ஒன்ன சேத்துல கால் வெக்காதன்னு அடிச்சிப் படிக்க வெச்சேன். நீ ஜெர்மனிக்குப் போயி நாத்து நட்டுக்கினு கீறியா?" என்றாள்.

"அது பொம்மம்மா. சேறு இல்ல."

"சேறு இல்லாத இன்னா நெலம் அது?"

5

அந்தப் பேச்சு வந்தது நாற்று நடும்போதுதான். இரண்டு பேருமே கோணல் மாணலாக நட்டுக்கொண்டிருந்தோம்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுடீ" என்றாள் ஹேமா. "எங்க நைனா நெலத்துப் பக்கமே வுடமாட்டாரு. பொம்பளப் புள்ளைங்க வரப்புல நிக்கறதா, மானம் போவும்னுவாரு."

"எங்கம்மாவும் வுடமாட்டாங்க" என்றேன்.

"அப்டியா? ஒங்களுக்கும் நெலம் கீதா?"

அவள் குரலில் எந்தக் கள்ளமும் இல்லை. அதனால்தானோ என்னவோ, இதற்குமேல் பொய்யாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"இல்ல ஹேமா. ஒங்க நெலத்துலதான் வேல செஞ்சாங்க. நாவமரத்துக் காணில. நாங்க ரோட்டுக்கு அந்தாண்ட."

மஞ்சள் தொப்பி நின்ற இடத்திலேயே நின்றது. மாமியாரின் குறட்டை கேட்டது.

"யாரு வூடு?"

"குப்பம்மா வூடு."

"குப்பம்மாவா? தெரியுமே! நடவுக்கு மொத ஆளா வருவா…" என்றவள் நிறுத்தினாள். "…வருவாங்க."

அந்த 'ங்க' எனக்குத் தனியாகக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கவேண்டும். மரியாதை நிஜம்தான். ஆனால் அது ஓடிவந்து சேர்ந்த மரியாதை; மூச்சு வாங்கியது. இரண்டு பேரும் மிச்ச நாற்றை நட்டோம். இவ்வளவு நேராக அதற்குமுன் நட்டதில்லை.

"அத்த எழுந்துட்டாங்க போல. வரட்டா?" என்று போய்விட்டாள். குறட்டை நிற்கவே இல்லை.

6

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

இங்கேதான் இந்த விளையாட்டுகளைப் பற்றி எனக்குள்ள ஒரே பெரிய குறையைச் சொல்லவேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து உழைத்தாலும் பண்ணை ஒருவர் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். அவர் வந்து திறந்தால்தான் மற்றவர் உள்ளே போகலாம். நான் பொறுக்கிய கல், நான் கட்டிய கோழிக்கூடு எல்லாம் உள்ளே. காப்பியோடு உட்கார்ந்து பெயரை அழுத்தினேன். திறக்கவில்லை. 'உரிமையாளர் இல்லை' என்று ஒரு வரி வந்தது. விளையாட்டு செய்தவர்கள் எந்த அர்த்தமும் இல்லாமல் எழுதிய வரிதான். நான் கண்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனேன். மித்ரா வந்து, "ஹேமாக்கா எங்கே?" என்று கேட்டாள், தமிழிலேயே. காலனி என்ற சொல்லை அவள் கேட்டதே இல்லை. அதை அவளுக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்று நானும் வீட்டுக்காரரும் இன்னும் முடிவு செய்யவில்லை.

மூன்றாவது ஞாயிறு போன் வந்தது.

"கோவமா சரளா?"

"கோவம் இல்ல. பூட்டிட்டுப் போயிட்டியே."

"இன்னாத்த?"

"பண்ணைய. நீ வந்தாத்தான தொறக்கும்?"

"சத்தியமா எனக்கு அது தோணவே இல்ல."

"ஒனக்குத் தோண வேண்டிய அவசியம் இல்ல."

இதைச் சொன்ன பிறகு அவள் வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். வைக்கவில்லை.

"வெக்கமா இருந்துச்சு" என்றாள். "சின்னதுல இருந்து ஒங்கம்மாவ வா போன்னுதான் கூப்ட்டிருக்கேன். எங்க வூட்ல எல்லாருமே அப்டித்தான்."

"இப்ப ஊருக்குப் போனாலும் அப்டித்தான் கூப்புடுவ."

"கூப்புடுவேனோ, மாட்டேனோ. அது எனக்கே தெரியல. அது தெரியாம ஒங்கிட்ட வந்து இன்னான்னு பேசறது?"

இந்தப் பதிலுக்காகத்தான் அவளை எனக்கு இன்றைக்கும் பிடிக்கிறது. 'எனக்கு அதெல்லாம் கிடையாது' என்று அவள் சொல்லியிருக்கலாம். நான் சந்தித்த எத்தனையோ பேர் சொன்னதுதான். அவள் சொல்லவில்லை.

சாயந்திரம் பண்ணையின் ஃபைலை அப்படியே எனக்கு அனுப்பி வைத்திருந்தாள். இனி யார் முதலில் வருகிறோமோ அவர் திறப்பது, ஆடி முடித்ததும் ஃபைலை மற்றவருக்கு அனுப்புவது என்று ஏற்பாடு. இதை வைத்துப் பெரிய பேச்சு பேச எனக்கு விருப்பமில்லை. அது கம்ப்யூட்டர் நிலம். நிஜமான நாவமரத்துக் காணி அவள் அண்ணன் பேரில்தான் இருக்கிறது. என் அம்மாவின் முழங்கால் அந்தச் சேற்றில் தேய்ந்தது தேய்ந்ததுதான். ஆனாலும் மறுநாள் வேலைக்குப் போகுமுன் தனியாக ஒருமுறை திறந்து பார்த்தேன். கோழிகள் பசியோடு இருந்தன.

அதன்பிறகு கொஞ்சநாள் ஹேமா என்னைப் பாடாய்ப் படுத்தினாள். நல்ல மண்வெட்டி எனக்கு, பெரிய பூசணி எனக்கு, மீனில் பாதிக்குமேல் எனக்கு. ஒருநாள் பொறுக்கமுடியாமல், "எனக்குப் பாவம் பாத்து பூசணி வெக்காத. ஒழுங்கா சண்ட போடு" என்றேன். "சரேலே" என்று தெலுங்கில் சலித்துக்கொண்டாள். அடுத்த வாரமே என் தக்காளியைக் கேட்காமல் விற்று வாத்து வாங்கிவிட்டாள். நன்றாகச் சண்டை போட்டோம்.

7

இந்தக் கோடையில் ஊருக்குப் போனோம். போகிறேன் என்றதும் ஹேமா, "நானே அங்க வர்றேன்" என்றாள். திருப்பதியில் எங்காவது ஓட்டலில் பார்க்கலாமே என்று நான்தான் தயங்கினேன். "ஓட்டல்ல எப்டிடீ ஆடறது?" என்றாள்.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, தோளில் லேப்டாப் பையோடு, ஸ்கூட்டியில் காலனிக்குள் வந்தாள். படத்தில் பார்த்ததைவிடக் குள்ளம். என்னைக் கட்டிக்கொண்டாள். மித்ராவைத் தூக்கப் பார்த்து முடியாமல் விட்டாள். அம்மா அதுவரை உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து, புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரம் நின்றாள். யாரும் சொல்லவில்லை, கால் தானாக எழுந்துவிட்டது.

"வாங்க பாப்பா. நைனா நல்லாக் கீறாரா?"

"நல்லாக் கீறாரு. நீங்க ஒக்காருங்க."

"இருக்கட்டும் பாப்பா."

அம்மா உட்காரவில்லை. நாற்காலி நடுவில் காலியாக இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்கள். மித்ராதான் லேப்டாப்பை டிவியில் சொருகி, கண்ட்ரோலரை நீட்டினாள். ஹேமாவும் நானும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். இத்தனை நாள் ஆடியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடியதில்லை. அவள் ஆடும்போது உடம்பையும் சேர்த்துச் சாய்ப்பாள் என்று அன்றுதான் தெரிந்தது. படகு திரும்பினால் அவள் என்மேல் விழுவாள். மித்ரா சிரித்துச் சிரித்து விக்கினாள்.

அரைமணி போயிருக்கும். ஹேமாவின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவள் முகம் மாறியது. அவள் அண்ணன். ஊரில்தான் இருக்கிறார், ஸ்கூட்டியை யாராவது பார்த்துச் சொல்லியிருக்கவேண்டும். நான் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன். வெளியே போய்ப் பேசுவாள், பிறகு அவசர வேலை என்று கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன். கிளம்பினாலும் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று எனக்குள் சொல்லியும் வைத்துக்கொண்டேன்.

அவள் உட்கார்ந்த இடத்திலேயே எடுத்தாள்.

"சொல்லுண்ணா… ஆமா, நாந்தான்… காலனிலதான் கீறேன்."

அந்தப் பக்கக் குரல் எங்களுக்கும் கேட்டது. என்ன சொன்னது என்று தெளிவாகக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் குரலின் ஏற்றம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. அம்மா சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள்.

"யாரு வூடுன்னா? என் கூட்டாளி வூடு" என்றாள். "சரளா. குப்பம்மா பொண்ணு… ஊருக்குத் தெரிஞ்சா தெரியட்டும்ணா, நான் இன்னா ஒளிஞ்சிக்கினா வந்தேன்?… இல்ல, இப்ப வரல. சாப்ட்டுட்டுத்தான் வருவேன்."

வைத்துவிட்டாள். மித்ரா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஹேமா மூச்சை இழுத்து விட்டு, திரையைப் பார்த்தபடியே, "போச்சு, இன்னிக்கி எங்க வூட்ல இருக்குது எனக்கு" என்றாள்.

அம்மா சுவரை விட்டு நகர்ந்தாள். எங்களைத் தாண்டி உள்ளே போனாள். அடுப்பு பற்றவைக்கும் சத்தம், பாத்திரம் எடுக்கும் சத்தம். சற்று நேரத்தில் உள்ளேயிருந்தே குரல் வந்தது, கொஞ்சம் தயக்கமாக.

"ஏ சரளா… அந்தப் பாப்பா முட்ட துன்னுமான்னு கேளு."

நான் வாயைத் திறப்பதற்குள் ஹேமா திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள்.

"துன்னுவேங்க. ரெண்டாப் போடுங்க."